சாமி, சத்தியம் இல்லாமல் குடியை விடுவது: கொழும்பில் எங்கே தொடங்குவது, என்ன கொண்டு போவது

கொழும்பில் "குடியை விடப் போகிறேன்" என்று யாரிடமாவது சொன்னால் முதலில் கோயிலைக் காட்டுவார்கள், அல்லது சர்ச்சை. அடுத்தது, பிள்ளையின் தலையில் கை வைத்துச் சத்தியம். உங்களுக்குச் சமய நம்பிக்கை இல்லாமல் இருக்கலாம். அல்லது நம்பிக்கை இருந்தும் அதையும் குடியையும் ஒன்றாக முடிச்சுப் போட விருப்பமில்லாமல் இருக்கலாம். இரண்டு பேருக்கும் இங்கே வழி இருக்கிறது. ஆனால் எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைக்காது. மருந்து ஓரிடம், உளவளத்துணை இன்னோரிடம், குழுக் கூட்டம் பெரும்பாலும் ஃபோன் திரையில். எதை முதலில் பிடிப்பது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். இந்த வரிசை பிழைத்தால் உயிருக்கே ஆபத்து வரலாம். ஆகவே முதல் இரண்டு படிகளையும் தாண்டி நேரே ஐந்தாவதுக்குப் போக வேண்டாம்.

1. ஏழு நாள் கணக்கு எழுதுங்கள்

80 பக்கக் கொப்பி ஒன்று போதும். ஏழு நாளைக்கு, நாளுக்கு நாலு விஷயம்: முதல் வாய் எத்தனை மணிக்கு, கடைசி எத்தனை மணிக்கு, என்ன, எத்தனை மில்லிலீற்றர். "கொஞ்சம்", "நண்பர்களோடு" என்று எழுதினால் டொக்டருக்கு ஒன்றும் விளங்காது.

மில்லிலீற்றரைக் கிராமுக்கு மாற்றுவது இப்படி: மி.லீ. அளவை போத்தலில் உள்ள சதவீதத்தால் பெருக்கி, 100ஆல் பிரித்து, 0.79ஆல் பெருக்குங்கள். 33.5 சதவீதச் சாராயத்தில் கால் போத்தல், அதாவது 180 மி.லீ., ஏறத்தாழ 48 கிராம் மதுசாரம். அரைப் போத்தல், அதாவது 375 மி.லீ., 99 கிராம். 8.8 சதவீத ஸ்ட்ரோங் பியர் 625 மி.லீ. போத்தல் ஒன்று 43 கிராம். "நான் சாராயத்தைத் தொடுவதில்லை, ஒரு பியர்தான்" என்கிறவர் 48, 43 என்ற இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 10 கிராம் ஒரு அலகு. அப்படியானால் அந்த ஒரு பியர் நாலு அலகுக்கு மேல். கசிப்புக்கு இந்தக் கணக்கு சரிவராது, அதன் காரம் வடிப்புக்கு வடிப்பு மாறும். அளவை மட்டும் எழுதி, கசிப்பு என்றே டொக்டரிடம் சொல்லுங்கள். வெட்கப்பட்டுச் சாராயம் என்று சொன்னால் மருந்தின் அளவு பிழைக்கும்.

அதே கொப்பியில் 'ஓடிட்' (AUDIT) வினாத்தாளையும் செய்து வையுங்கள். உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய 10 கேள்விகள், மொத்தம் 40 புள்ளி. 8ஐத் தொட்டாலே கவனிக்க வேண்டிய குடி. 20ஐத் தொட்டால் உடல் குடியில் தங்கியிருக்க வாய்ப்பு அதிகம், நீங்களாகவே நிறுத்திப் பார்க்கிற கட்டம் தாண்டிவிட்டது.

2. நாளைக் காலையே நிறுத்திவிடாதீர்கள்

கேட்க விநோதமாக இருக்கும். ஆனால் நாளாந்தம் நிறையக் குடிக்கும் உடலுக்குத் திடீர் நிறுத்தம் குடியை விட ஆபத்தானது. கடைசி வாய்க்குப் பிறகு 6 முதல் 24 மணித்தியாலத்துக்குள் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, குமட்டல் வரும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் 48 மணித்தியாலத்துக்குள். இரண்டாம், மூன்றாம், நாலாம் நாளில் சிலருக்குப் புத்தி பேதலிக்கும்: சுவரில் பூச்சி ஊர்வதாகத் தெரியும், வீட்டு ஆளையே அடையாளம் தெரியாது, உடம்பு கொதிக்கும். "டெலிரியம்" என்று வார்டில் சொல்வது இதைத்தான். சிகிச்சை இல்லாவிட்டால் ஆளைக் கொல்லும்.

பேய் பிடித்துவிட்டது என்று சொல்லி மந்திரிக்கக் கொண்டு போவதும் இந்தக் கட்டத்தில்தான் நடக்கிறது. மூன்று நாள் குடிக்காமல் இருந்த ஒருவர் இல்லாததைக் காண ஆரம்பித்தால் 1990 சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். கட்டணம் இல்லை. வலிப்புக்கும் அதே எண்தான்.

வீட்டில் வைத்து நிறுத்தவே கூடாதவர்கள்: முன்பு நிறுத்தியபோது வலிப்போ புத்திப் பேதலிப்போ வந்தவர், காலையில் கை நடுக்கம் நிற்பதற்காகக் குடிப்பவர், தனியாக வசிப்பவர், கர்ப்பிணி, ஈரல் அல்லது இதய நோயாளி. மற்றவர்களும் டொக்டரைப் பார்க்கும் வரை அளவைக் கூட்டாமல், சட்டென்று வெட்டாமல் இருங்கள்.

இங்கே மூன்று குழிகள் உண்டு.

போயா. அன்று வைன் ஸ்டோர்ஸ், தவறணை எல்லாம் பூட்டு. வெசாக்குக்கு இரண்டு நாள் சேர்ந்தாற்போல் பூட்டு. முதல் நாளே வாங்கி வைக்காதவர் தன்னை அறியாமலே திடீர் நிறுத்தத்துக்குள் போய்விடுவார். அதே நாளில் கிளினிக்கும் இருக்காது. அவசர சிகிச்சைப் பிரிவு மட்டும் திறந்திருக்கும். ஆகவே நிறுத்தும் திகதியைப் போயாவில் வைக்காதீர்கள். நல்ல நாள் என்று பலர் வைப்பது அன்றைக்குத்தான்.

சேலைன். "ஒரு போத்தல் ஏற்றினால் தெளியும்" என்று பக்கத்து டிஸ்பென்சரியில் ஏற்றிக்கொள்வது. நெடுநாள் குடித்த உடம்பில் தயமின் என்ற பி1 விற்றமின் வற்றிப் போயிருக்கும். அந்த நிலையில் தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் கலந்த சேலைன் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம்: கண் அசைவு குழம்பும், நடை தள்ளாடும், நினைவு நிரந்தரமாகக் கெடவும் கூடும். "முதலில் தயமின் போடுங்கள், நான் குடிப்பவன்" என்று வாய் திறந்து சொல்லுங்கள்.

டயஸிபாம். ஆஸ்பத்திரியில் நடுக்கத்துக்குக் கொடுப்பது இந்த வகை மாத்திரைதான், ஆனால் அங்கே அளவை நாளுக்கு நாள் குறைத்து ஐந்து முதல் ஏழு நாளில் முடித்துவிடுவார்கள். தெரிந்த ஃபாமசியில் துண்டு இல்லாமல் வாங்கி, குடியோடும் சேர்த்துப் போட்டால் மூச்சு நின்றுபோகும். மூச்சு நிற்காதவருக்கு இரண்டாவது அடிமைத்தனம் ஒட்டிக்கொள்ளும்.

3. எந்தக் கதவைத் தட்டுவது

அரச வழி: கொழும்பு தேசிய வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குக் காலை நேரத்தோடு போய், மனநல கிளினிக்குக்குத் துண்டு கேளுங்கள். தெற்கே இருப்பவருக்குக் களுபோவில, வடக்கே இருப்பவருக்கு றாகம. அங்கொடையில் தேசிய மனநல நிறுவகம் இருக்கிறது. அந்தப் பெயரைக் கேட்டதும் பின்வாங்குபவர்கள் அதிகம். குடி நிறுத்தத்தின் முதல் வாரத்தை அங்கே படுத்துக் கடப்பது, வீட்டில் கதவைப் பூட்டிக்கொண்டு கடப்பதை விடப் பாதுகாப்பானது. போக முன் 1926க்கு எடுத்து, எந்த நாள், எந்த நேரம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அது நிறுவகத்தின் 24 மணி நேர இலக்கம். எடுத்தவுடனேயே தமிழில் பேசுபவரைக் கேளுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: அடையாள அட்டை, ஏழு நாள் கொப்பி, கிளினிக் குறிப்புக்கு இன்னொரு கொப்பி, இப்போது போடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளும் (பெயர் நினைவில்லை என்றால் காலி அட்டையே போதும்), பழைய டயக்னோசிஸ் கார்ட், கூட வரக்கூடிய ஒருவரின் ஃபோன் இலக்கம். தண்ணீரும் சாப்பாடும் கொண்டு போங்கள். முதல் நாளுக்கு அரை நாளாவது ஒதுக்குங்கள்.

சொல்ல வேண்டிய வசனம் ஒன்றுதான்: "நான் குடியை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் கை நடுங்குகிறது." இதை விட்டுவிட்டு "கேஸ்ட்ரிக்", "நித்திரை இல்லை", "டென்ஷன்" என்று சொல்பவருக்கு அவர் சொன்னதற்கான மருந்துதான் கிடைக்கும். ஆறு மாதம் கழித்து அதே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்.

சிங்களம் ஓடாதவர் மொழிக்கு ஒருவரைக் கூட்டிப் போகலாம். ஆனால் மனைவியையோ மகனையோ மொழிபெயர்க்க வைக்காதீர்கள். "இவர் காலையிலும் குடிப்பார்" என்பதை மனைவி சேர்த்துச் சொல்வார், "அப்பா அழுவார்" என்பதை மகன் விட்டுவிடுவான். வெளியாள் ஒருவர் நல்லது.

செலவு: அரச ஆஸ்பத்திரியில் கட்டணம் இல்லை. மருந்து கையிருப்பில் இல்லாவிட்டால் வெளியில் வாங்கத் துண்டு தருவார்கள், சில இரத்தப் பரிசோதனைகளுக்கும் அப்படித்தான். தனியாரில் மனநல வைத்தியரைச் சனல் பண்ணினால் டொக்டர் கட்டணம், ஆஸ்பத்திரிக் கட்டணம், பரிசோதனை, மருந்து என்று நாலு பில். பதியும்போது தெரியும் தொகை முதல் இரண்டுக்கும் மட்டும்தான். பரிசோதனையில் ஈரல் தொழிற்பாடு, ஜிஜிடி (ஈரல் நொதி), இரத்தக் கலங்கள், கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கு) ஆகிய நாலும் அநேகமாக வரும். ஒரு இடத்தில் செய்த ரிப்போர்ட்டை அடுத்த இடத்துக்கும் எடுத்துப் போங்கள், இரண்டு தரம் காசு கட்டத் தேவையில்லை. காப்புறுதி இருப்பவர் முதலில் நிபந்தனைகளைப் படித்துப் பாருங்கள். குடி சார்ந்த சிகிச்சையை விலக்கி வைக்கும் திட்டங்கள் பல.

வேலை இடத்துக்கு லீவுக் கடிதம் வேண்டுமென்றால் டிஸ்சார்ஜ் ஆவதற்கு முதல் நாளே கேளுங்கள். டயக்னோசிஸ் கார்ட்டில் நோயின் பெயர் இருக்கும். அதை எச்ஆருக்குக் கொடுக்காமல் மெடிக்கல் சான்றிதழைத் தனியாக எடுத்துக் கொடுக்கலாம்.

தங்கவைத்து மாற்றும் நிலையங்கள் பற்றி ஒரு எச்சரிக்கை. போக முன் ஐந்து கேள்வி: டொக்டர் எத்தனை நாளுக்கு ஒரு தடவை வருவார்? வலிப்பு வந்தால் எங்கே கொண்டு போவீர்கள்? வழிபாடு கட்டாயமா? நான் விரும்பிய நாளில் வெளியேறலாமா? மொத்தச் செலவை எழுதித் தருவீர்களா? முதல் இரண்டுக்கும் தடுமாறினால் அங்கே நிற்க வேண்டாம். ஆளை வானில் ஏற்றிக்கொண்டு போய்விடுவோம் என்று வீட்டாரிடம் விலை பேசுகிறவர்களோடு பேச்சே வேண்டாம்.

4. விடவைக்கும் மாத்திரைகள்

முதல் வாரம் தாண்டிய பிறகு, மறுபடி தொடாமல் இருக்க உதவும் மருந்துகள் உண்டு. முதல் சந்திப்பில் டொக்டர் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

நல்ட்ரெக்ஸோன், வழக்கமாக நாளுக்கு 50 மி.கி. ஒரு மாத்திரை. குடியில் கிடைக்கும் 'கிக்'கைக் குறைக்கும். ஈரல் ரிப்போர்ட் பார்த்துத்தான் தருவார்கள். ட்ரமடோல், கொடீன் கலந்த இருமல் மருந்து போன்றவை உடம்பில் இருக்கும்போது இதைத் தொடக்கூடாது. நாரி வலிக்கு என்று ட்ரமடோல் போட்டுக்கொண்டிருப்பவர் அதைச் சொல்ல மறந்துவிடுவார், இந்த மருந்தில் அடிக்கடி நடக்கிற பிழை அது. முதல் வாரம் குமட்டும். சாப்பிட்ட பின் போடுங்கள்.

அகம்ப்ரோசேட், 333 மி.கி. மாத்திரை இரண்டாக நாளுக்கு மூன்று வேளை. சிறுநீரகம் சரியாக இருக்க வேண்டும், கிரியாட்டினின் பார்ப்பது இதற்காகவும்தான். மூன்று வேளை என்பதால் மத்தியான வேளை தவறிப் போகும். பகல் சாப்பாட்டுப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.

டைசல்ஃபிராம் வேறு வகை. இதைப் போட்டுக்கொண்டு குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு அடித்து, வாந்தி வந்து, பிரஷர் இறங்கும். கடைசி மாத்திரைக்குப் பிறகு 14 நாள் வரை இந்த விளைவு வரலாம். குடித்து 12 மணித்தியாலமாவது கழிந்த பின்தான் தொடங்கலாம், அதுவும் தெரிந்தே, விரும்பியே. "சாப்பாட்டில் கலந்து கொடுங்கள், அவருக்குத் தெரியாது" என்று சுவரொட்டியிலும் ஃபேஸ்புக்கிலும் விற்கும் பொடிகளுக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அது இந்த மருந்தாக இருந்து, ஆள் இதய நோயாளியாகவும் இருந்தால், கொடுத்தவர் கையாலேயே காரியம் முடிந்துவிடும்.

எல்லா ஃபாமசியிலும் இவை இருக்காது. அரச ஒசுசலவில் முதலில் கேளுங்கள். ஒரு வாரத்துக்குரியது மிச்சம் இருக்கும்போதே அடுத்ததை வாங்குங்கள், போயாவும் நீண்ட விடுமுறையும் பார்த்து.

5. கொப்பியின் இரண்டாம் பாதி

சமயம் சாராத முறைகளின் வேலை இங்கேதான் நடக்கிறது. ஏ.ஏ. (அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ்) போன்ற குழுக்கள் 'உயர்ந்த சக்தி'யிடம் ஒப்படைக்கச் சொல்லும் இடத்தில் இவை பென்சிலைக் கையில் தருகின்றன. 1994இல் அமெரிக்காவில் தொடங்கிய ஸ்மார்ட் ரிகவரி என்ற அமைப்பின் கருவிகள் அறிதல்-நடத்தைச் சிகிச்சையிலிருந்து வந்தவை. அவற்றில் இரண்டு, கூட்டத்துக்குப் போகாமலே இன்றிரவு தொடங்கக்கூடியவை.

ஒன்று, நாலு கட்டம். பக்கத்தைச் சிலுவைக்கோடு போட்டுப் பிரியுங்கள். குடித்தால் எனக்கு என்ன கிடைக்கிறது, குடித்தால் என்ன போகிறது, விட்டால் என்ன கிடைக்கும், விட்டால் என்ன போகும். எல்லோரும் இரண்டாம் மூன்றாம் கட்டங்களை நிரப்பிவிட்டு மூடிவிடுவார்கள், அவை வீட்டில் தினம் கேட்கும் பேச்சு. வேலை இருப்பது முதலாம் நாலாம் கட்டங்களில். "நித்திரை வரும்", "மச்சானோடு சமமாக இருந்து பேசலாம்", "வெள்ளிக்கிழமைக் கூட்டாளிகள் போய்விடுவார்கள்" என்று உண்மையை எழுதினால்தான், நித்திரைக்கும் வெள்ளிக்கிழமைக்கும் வேறு ஏற்பாடு வேண்டும் என்பது கண்ணில் படும்.

இரண்டு, ஆசைக் கணக்கு. குடி ஆசை அலை மாதிரி ஏறி இறங்கும், ஊட்டாவிட்டால் பெரும்பாலும் அரை மணித்தியாலத்துக்குள் தணியும். ஒவ்வொன்றையும் ஒரு வரியில் எழுதுங்கள்:

வெள்ளி, மாலை 5.50. கோட்டை ஸ்டேஷன் வாசல். சம்பளம் வந்தது, பகல் சாப்பிடவில்லை. 10க்கு 8. பருப்பு வடை இரண்டு, பிளேன்டீ. 6.15க்கு 4. ரயில் ஏறியாயிற்று.

இப்படி இருபது வரி சேர்ந்ததும் ஒழுங்கு தெரியும். ஒருவருக்கு எல்லாம் பசியோடு வரும், இன்னொருவருக்கு மேலாளரின் ஏச்சுக்குப் பின். பசியோடு வருகிறவருக்குத் தத்துவம் தேவையில்லை, நாலரை மணிக்கு ஒரு பணிஸ் போதும். ஏச்சோடு வருகிறவர் நடுவில் ஓடும் வசனத்தைப் பிடிக்க வேண்டும்: "இதை என்னால் தாங்க முடியாது." உண்மையா? போன மாதமும் ஏசினார், தாங்கியாயிற்று. "எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் தாங்கலாம்" என்று மாற்றி எழுதுங்கள். முதல் பத்துத் தடவை பொய் மாதிரி இருக்கும். பரவாயில்லை.

6. மனிதர்கள்

கொப்பி மட்டும் போதாது. நேரில் பேச, கொழும்பு 7, ஹோர்ட்டன் பிளேஸில் சுமித்ரயோ என்ற தொண்டு அமைப்பு நடத்தும் மெல் மெதுர என்ற நிலையம் இருக்கிறது. குடிக்கும் போதைக்கும் உதவுகிறார்கள், கட்டணம் வாங்குவதில்லை, இரகசியம் காப்பார்கள். பிரதேச செயலகங்களில் அரச உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள், இது பலருக்குத் தெரியாது. உங்கள் பிரதேச செயலகத்தில் தமிழில் பேசக்கூடியவர் எந்த நாளில் இருப்பார் என்று ஃபோனில் கேட்டுவிட்டுப் போங்கள். 1333 உளவளத்துணை இலக்கம், அழைப்பு இலவசம். கஞ்சா, மாத்திரை, ஐஸ் ஆகியவையும் கலந்திருந்தால் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927.

ஏ.ஏ. கூட்டங்களை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். அவர்களின் 12 படிகளில் ஆறு கடவுளையோ உயர்ந்த சக்தியையோ குறிப்பவை என்பது உண்மை. ஆனால் இரவு ஒன்பது மணிக்கு ஃபோன் எடுக்கும் ஆள் அங்கே கிடைப்பார். போய், பிரார்த்தனை நேரத்தில் சும்மா இருந்துவிட்டு வரலாம், யாரும் வாயைத் திறக்கச் சொல்ல மாட்டார்கள். அது முடியவில்லை என்றால் இணையக் கூட்டங்கள்: ஸ்மார்ட் ரிகவரி, லைஃப்ரிங். இரண்டும் கடவுளை வெளியே வைப்பவை, இலவசம், பெரும்பாலும் ஆங்கிலம். கெமராவை மூடி வைத்துக்கொண்டு கேட்கலாம்.

நேரத்தைக் கவனியுங்கள். லண்டன் மாலை 7 மணிக் கூட்டம் நமக்குக் கோடையில் இரவு 11.30, குளிர்காலத்தில் 12.30. நித்திரையே கெட்டுப்போயிருக்கும் முதல் மாதத்தில் அது வேண்டாம். நியூயோர்க் காலை 9 மணிக் கூட்டம் நமக்குக் கோடையில் மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. வழக்கமாகப் போத்தல் திறக்கும் நேரமும் அதுதான், பொருத்தமாக விழும். மணிக்கூட்டை மாற்றுவது நியூயோர்க்கில் மார்ச்சிலும் நவம்பரிலும், லண்டனில் மார்ச்சிலும் ஒக்டோபரிலும். அந்த வாரங்களில் கூட்டத்தைத் தவறவிட்டு "எல்லாம் ஏமாற்று" என்று விட்டுவிடுபவர்கள் உண்டு.

தமிழில் குழு வேண்டுமானால் மூன்று பேர் சேர்ந்து வாரம் ஒரு மணித்தியாலம், ஆளுக்கொரு ஆசைக் கணக்கை வாசிப்பதில் தொடங்கலாம். ஸ்மார்ட் என்ற பெயரில் நடத்த அவர்களின் பயிற்சி முடித்த ஒருவர் வேண்டும். பெயர் இல்லாமல் நடத்தினாலும் கொப்பி அதே கொப்பிதான்.

7. வீடு, கலியாணம், செத்த வீடு

வீட்டில் ஒரு சொட்டும் வைக்காதீர்கள், விருந்தாளிக்கு என்று அலுமாரியில் இருப்பதையும் சேர்த்து. கலியாண வீட்டில் கையில் நெக்டோ கிளாஸ் ஒன்றை எப்போதும் பிடித்திருங்கள், வெறுங்கையைக் கண்டால்தான் ஊற்ற வருவார்கள். "மருந்து போடுகிறேன்" போதும், விளக்கம் தேவையில்லை. பைட்ஸ் தட்டுக்குப் பக்கத்தில் உட்காராதீர்கள், பொரித்த கருவாட்டு வாசமே பாதி ஆசை.

வீட்டாருக்கு: மணந்து பார்ப்பது, பொக்கெட் தேடுவது, அழுது சத்தியம் வாங்குவது எல்லாம் நிறுத்தலாம். குடிக்காத மாலையில் கூட இருந்து சாப்பிடுங்கள். குடித்த இரவில் பேச்சை விட்டு எழுந்து போங்கள், விவாதம் வேண்டாம். சம்பளக் கார்டை உங்களிடம் தரச் சம்மதித்தால் வாங்கி வையுங்கள், பறிக்காதீர்கள்.

8. மறுபடி தொட்டுவிட்டால்

பலருக்கு நடக்கும். சத்தியம் பண்ணியவர் அன்றோடு எல்லாம் போய்விட்டது என்று முழுப் போத்தலையும் முடிப்பார். நீங்கள் சத்தியம் பண்ணவில்லை, உடைக்க ஒன்றுமில்லை. கொப்பியில் நேரம், இடம், மி.லீ. எழுதுங்கள். டைசல்ஃபிராம் போடுபவராக இருந்து நெஞ்சு அடித்தால் காத்திராமல் 1990.

ஒரு நாள் தொட்டதென்றால் அடுத்த நாள் நிறுத்தலாம். ஒரு வாரம் தொடர்ந்து குடித்திருந்தால் மறுபடி இரண்டாம் படி: சட்டென்று வெட்டாதீர்கள், கிளினிக்குக்குப் போங்கள். நிறுத்தித் தொடங்கி நிறுத்துவது கூடக் கூட, ஒவ்வொரு தடவையும் நடுக்கமும் வலிப்பும் முந்தியதை விடக் கடுமையாக வரலாம். பழைய அளவை உடம்பு இப்போது தாங்காது என்பதையும் நினைவில் வையுங்கள். மூன்று மாதம் விட்டவருக்கு முந்தைய அரைப் போத்தல் ஆபத்தான அளவு.

கிளினிக் திகதியைத் தவறவிட்டிருந்தால் அடுத்த கிளினிக் நாளிலேயே கொப்பியோடு போய் வரிசையில் நில்லுங்கள். ஏசுவார்கள் என்று பயந்து மூன்று மாதம் போகாமல் இருப்பவர்கள் பலர். இரண்டு நிமிடம் ஏச்சு விழலாம், அதற்குப் பிறகு மருந்துத் துண்டை எழுதித்தான் தருவார்கள்.